தாத்தா லென்ஸுக்குத் தலைக்குளியல் வேணாம்!

ஹாஸ்டல் ரூம் லேப் - இந்த வாரம்: பழைய கேமரா லென்ஸ்

இன்டர்னல்ஸ் எல்லாம் எப்படிப் போச்சு? சரி சரி, முறைக்காதீங்க. அந்தப் பேச்சே வேணாம். நேரா மேட்டருக்கு வந்துடுறேன்.

இந்த வாரம் நம்ம பகுதிக்கு வந்த கடிதங்கள்ல ஒண்ணு மனசுல பச்சக்னு ஒட்டிக்கிச்சு. எழுதினவங்க விஸ்காம் செகண்ட் இயர் படிக்கிற ஒரு தோழி. ‘‘எங்க தாத்தா ஊர்ல சின்னதா ஸ்டூடியோ வெச்சிருந்தார். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. பரண்ல தேடுறப்போ அவரோட யாஷிகா மேட் 124 ஜி கேமரா கிடைச்சது. லென்ஸுக்குள்ள வெள்ளையா சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கு. ‘அது செத்துப்போச்சு, பழைய இரும்புக்குப் போட்டுடு’ங்கிறார் அப்பா. ‘சோப்புத் தண்ணில கழுவினா பளிச்னு ஆயிடும்’ங்கிறான் அண்ணன். எனக்கு அந்த கேமராவுலயே எங்க அப்பாயியை ஒரு போட்டோ எடுக்கணும். அப்பாயிக்கு எண்பத்தி நாலு வயசு. நான் என்ன பண்ணட்டும்?’’

தோழி, முதல் வேலையா அண்ணன் கையில இருந்து சோப்பை வாங்கி பாத்ரூம்ல வெச்சுட்டு வாங்க. அப்பாகிட்ட ரெண்டு வாரம் டைம் கேளுங்க. மத்த ஃப்ரெண்ட்ஸும் ஓடிடாதீங்க. பழைய லென்ஸை அடாப்டர் போட்டு டிஜிட்டல் கேமராவுல மாட்டுற கிரேஸ் இப்போ கேம்பஸ்ல பலருக்கு இருக்கு. செகண்ட்ஹேண்ட்ல ஹீலியாஸ், டக்குமார்னு வாங்கி, அதை பனியன் துணியால துடைச்சுக்கிட்டு இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்துதான் இந்த வாரம் கிளாஸ். அட்டெண்டன்ஸ் கிடையாது, பயப்படாதீங்க!

முதல் ரூல்: கதவைத் திறக்காதே!

லென்ஸைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கேமராவுக்குள்ள ஃபிலிம் இருக்கா?

சிரிக்காதீங்க பாஸ். பரண்ல இருந்து இறங்கின கேமராவை எடுத்ததும் எல்லாரும் பண்ற முதல் காரியம், பின் கதவைப் படக்குனு திறக்கிறதுதான். உள்ளே பாதி எடுத்த ரோல் இருந்தா கதை முடிஞ்சது. தாத்தா கடைசியா எடுத்த படங்கள் மேல வெளிச்சம் அடிச்சு, எல்லாம் காலி. வருஷக்கணக்கா உள்ளேயே கிடந்த ஃபிலிமைக்கூட டெவலப் பண்ணினா மங்கலாவாவது படம் வர வாய்ப்பிருக்கு. அதைக் கெடுத்துக்காதீங்க.

யாஷிகா மேட் மாதிரி ரெட்டை லென்ஸ் கேமராவுல ஒரு ரோலுக்கு 12 படம். பக்கவாட்டுல இருக்கிற கவுன்ட்டர்ல ஏதாவது நம்பர் நின்னுட்டிருந்தா, ‘உள்ளே ஆள் இருக்கு’னு எடுத்துக்கோங்க. 35 மி.மீ. கேமராவா இருந்தா, இடது பக்கம் மேல இருக்கிற ரீவைண்டு குமிழை அம்புக்குறி காட்டுற பக்கமா மெதுவா திருகிப் பாருங்க. லூஸா சுத்திக்கிட்டே இருந்தா காலி. டைட்டா பிடிச்சா ஃபிலிம் இருக்கு. சந்தேகமா இருந்தா கதவைத் தொடாதீங்க. விஸ்காம் டிபார்ட்மென்ட்ல இருட்டறை இருந்தா, ஃபிலிம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு அங்கே வெச்சுத் திறக்கச் சொல்லுங்க.

நீங்க துடைக்கப் போறது கண்ணாடியை இல்லை

இதென்னடா புதுக் கதைனு பார்க்காதீங்க. கொஞ்சம் பிசிக்ஸ், ரெண்டே நிமிஷம்.

சாதா கண்ணாடி மேல வெளிச்சம் விழுந்தா, அதுல 100-க்கு 4 பங்கு திரும்பிப் போயிடும். உள்ளே போறப்ப ஒரு தடவை, வெளியே வர்றப்ப ஒரு தடவை. யாஷிகா மேட்ல இருக்கிற லென்ஸ்ல மொத்தம் நாலு கண்ணாடி. அதுல ரெண்டு ஒட்டிப் பிறந்த ரெட்டையர். அதனால காத்துல படுற முகம் மொத்தம் ஆறு. ஆறு இடத்துலயும் 4 பங்கு போனா, கடைசியில ஃபிலிமுக்குப் போய்ச் சேர்றது சுமாரா 78 தான். மீதி வெளிச்சம் சும்மா போனாலாவது பரவால்ல... உள்ளுக்குள்ளேயே அங்கேயும் இங்கேயும் மோதி, படத்து மேல வெள்ளைப் பனி மாதிரி மூடிடும்.

இதுக்கு மருந்துதான் கோட்டிங். லென்ஸை சாய்ச்சுப் பார்த்தா நீலமோ, ஊதாவோ, தேன் கலரோ மின்னுது இல்லையா, அதுதான். 1935-ல ஜெர்மனியோட ஜெய்ஸ் கம்பெனியில வேலை பார்த்த அலெக்ஸாண்டர் ஸ்மகுலா இதுக்கு வழி கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் பல வருஷத்துக்கு எல்லாரும் பூசினது மெக்னீசியம் ஃப்ளோரைடுங்கிற பொருளை. இதைப் பூசினா ஒவ்வொரு முகத்துலயும் போற வெளிச்சம் ஒண்ணேகால் பங்கு அளவுக்கு இறங்கிடும். ஆறு முகத்துக்கும் கணக்கு போட்டா, 78 இருந்த இடத்துல சுமாரா 93 வரும். அரியரே இல்லாத மார்க் ஷீட் மாதிரி!

இப்போ முக்கியமான விஷயம். அந்தப் பூச்சோட தடிமன் சுமாரா 100 நானோமீட்டர். நம்ம தலைமுடியைக் குறுக்கே எழுநூறு துண்டு போட்டா, ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். நீங்க துணியை எடுத்து ‘கரகர’னு தேய்க்கிறது இதைத்தான். இதைவிட வில்லன் ஒருத்தர் இருக்கார்... தூசி. நம்ம ரோட்டுத் தூசியில மணல் துகள் இருக்கும். மணல்ங்கிறது குவார்ட்ஸ், கடினத்துல 7-வது இடம். மெக்னீசியம் ஃப்ளோரைடு 6. யார் யாரைக் கீறுவாங்கனு தனியா சொல்லணுமா? தூசியைத் தட்டாம துணியைப் போட்டா, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான்.

எவ்வளவு பழசோ அவ்வளவு மென்மை. 1933-ல வந்த லைட்ஸ் சம்மார் லென்ஸோட முன் கண்ணாடியே ரொம்ப மெத்து. இன்னைக்குக் கைக்குக் கிடைக்கிற சம்மார்கள்ல பெரும்பாலானதுல துடைச்சுத் துடைச்சு விழுந்த கீறல் தெரியும். தூசியால செத்ததைவிட, பாசமா துடைச்சவங்களால செத்த லென்ஸ்கள்தான் ஜாஸ்தி!

இன்னொரு சுவாரஸ்யம். 1890-கள்ல இங்கிலாந்துல டென்னிஸ் டெய்லர்னு ஒரு லென்ஸ் வடிவமைப்பாளர். வருஷக்கணக்கா காத்து பட்டு, மேல லேசா நிறம் மாறிப்போன பழைய லென்ஸ்கள், புதுசா மினுமினுக்கிற லென்ஸைவிட வெளிச்சத்தை அதிகமா உள்ளே விடுறதை அவர் கவனிச்சார். கோட்டிங்ங்கிற ஐடியாவுக்கே அதுதான் பிள்ளையார் சுழி. அதனால, பழைய லென்ஸ் மேல நீலமா, ஊதாவா, சீரா ஒரு சாயல் தெரிஞ்சா அதை அழுக்குனு நினைச்சுத் தேய்க்காதீங்க. அது பாட்டுக்கு நல்ல வேலை பார்த்துக்கிட்டு இருக்கு.

டார்ச் அடி... வியாதியைக் கண்டுபிடி!

டாக்டர் ஊசி போடுறதுக்கு முன்னாடி ஸ்டெதஸ்கோப் வெப்பார் இல்லையா? நமக்கு செல்போன் டார்ச்.

ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுடுங்க. லென்ஸோட ஒரு பக்கம் டார்ச்சை கொஞ்சம் சாய்வா பிடிச்சு, மறு பக்கத்துல இருந்து பாருங்க. நேரா வெளிச்சத்தையே பார்க்காதீங்க, கண்ணு கூசும். யாஷிகா மேட்டா இருந்தா, ஃபிலிம் இல்லைனு உறுதியான அப்புறம் பின் கதவைத் திறந்து, அபர்ச்சரை முழுசா 3.5-ல வெச்சு, ஷட்டர் வேகத்தை ‘பி’-ல வெச்சுட்டு பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. பிடிச்சிருக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும். அந்த வழியா பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: டார்ச்சுக்குப் பதிலா சூரியனைப் பார்க்கிற வேலை வேணவே வேணாம். கண்ணு போயிடும். லென்ஸை ஜன்னல் ஓரமா வெயில்ல மூடி இல்லாம வெச்சாலும் ஆபத்துதான். பூதக்கண்ணாடியில பேப்பரைக் கொளுத்தின ஆளுங்கதானே நாம? லென்ஸும் அதே வேலையைப் பார்க்கும், ஹாஸ்டல் மெத்தையில!

டார்ச் வெளிச்சத்துல என்னென்ன தெரியும்?

புள்ளி புள்ளியா இருந்தா தூசி. உள்ளே பத்து இருபது புள்ளி இருந்தாலும் படத்துல ஒண்ணும் தெரியாது. விட்டுடுங்க.

ரேகையோட இருந்தா விரல் அடையாளம். சும்மா விடக் கூடாது. தோல்ல இருக்கிற எண்ணெயும் உப்பும் நாளாக நாளாக கோட்டிங்ல பதிஞ்சுடும். பூஞ்சைக்கும் அது சாப்பாடு.

மொத்தமா பனி மூடின மாதிரி இருந்தா, ‘ஹேஸ்’. உள்ளே போட்ட கிரீஸ் ஆவியாகி கண்ணாடியில படிஞ்சிருக்கலாம்.

நூல் நூலா, மரக்கிளை மாதிரியோ சிலந்தி வலை மாதிரியோ பிரிஞ்சு போனா, பூஞ்சை. நம்ம தோழியோட கேஸ் இதுதான்.

ஓரத்துல வானவில் கலர்ல வளையமோ, குமிழியோ தெரிஞ்சா, ஒட்டிவெச்ச ரெண்டு கண்ணாடி பிரிய ஆரம்பிச்சிருக்கு. அந்தக் காலத்துல கனடா பால்சம்னு ஒரு மரப்பிசினை வெச்சுத்தான் ஒட்டுவாங்க. இதை எந்தத் துணியாலயும் துடைக்க முடியாது. கண்ணாடிக்கு நடுவுல இருக்கே!

‘இதையெல்லாம்’ வீட்டுலயே வெச்சுடுங்க

சட்டை நுனி, வேட்டி முனை, கர்ச்சீஃப், டிஷ்யூ பேப்பர்: நாள் முழுக்க தூசியில அலைஞ்ச துணி. பேப்பர் நாப்கின் மரக்கூழ், சொரசொரப்பு. ரெண்டும் வேணாம்.

வாயால ஊதுறது: காத்தோட எச்சிலும் இலவசமா போகும். மேல மாட்டுற ஃபில்டருக்கு ஓ.கே., தாத்தா லென்ஸுக்கு ‘நோ’.

பஞ்சர் கடை காத்து: வேகமும் ஜாஸ்தி, கம்ப்ரஸர்ல இருந்து எண்ணெயும் தண்ணியும் சேர்ந்து வரும். உள்ளே இருக்கிற அபர்ச்சர் பிளேடு மேல எண்ணெய் தெளிச்சா அப்புறம் அது ஒட்டிக்கும்.

ஜன்னல் துடைக்கிற நீல ஸ்ப்ரே: அதெல்லாம் ஜன்னலுக்கு. சில ஸ்ப்ரேல அமோனியாவும், பின்னாடி படியுற மத்த சமாச்சாரங்களும் இருக்கும்.

நெயில் பாலிஷ் ரிமூவர்: அசிட்டோன் இருந்தா பிளாஸ்டிக் உருகும், லென்ஸ் மேல இருக்கிற எழுத்தோட பெயின்ட்டும் கரையும். நீங்க ‘யாஷினான்’னு படிச்சது அப்புறம் ‘யா... ன்’னு நிக்கும்.

சானிட்டைஸர்: கை வறண்டு போகாம இருக்க கிளிசரின் மாதிரி ஏதாவது கலந்திருப்பாங்க. லென்ஸ்ல பிசுபிசுனு படிஞ்சுடும்.

டூத் பேஸ்ட், விபூதி: வெள்ளி குத்துவிளக்குக்குப் போடுங்க, பளபளக்கும். ஏன் பளபளக்குது? மேல் தோலைச் சுரண்டுறதாலதான்! லென்ஸுக்குப் போட்டா கோட்டிங் காலி.

‘பாலிஷ்’ போட்டுத் தர்றேன்னு சொல்ற ஆளையும் இந்த லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க. எங்க ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் லென்ஸுல லேசா இருந்த ஒரு கீறலுக்காக ஒரு கடையில கொடுத்தார். அங்கே பளபளனு பாலிஷ் போட்டுக் கொடுத்தாங்க. கீறல் போச்சு. கூடவே கோட்டிங்கும் போச்சு, கண்ணாடியோட வளைவும் கொஞ்சம் மாறிடுச்சு. இப்போ அந்த லென்ஸ் பேப்பர் வெயிட். லென்ஸோட வளைவுங்கிறது கையால அளக்க முடியாத அளவு நுணுக்கமா செதுக்கினது. அதுல கை வெச்சா ஃபோகஸே மாறும்.

ஓ.கே... இப்போ துடைக்கலாம்!

வேணுங்கிறது கொஞ்சம்தான். ரப்பர் புளோயர் ஒண்ணு. மெத்துனு ஒரு பிரஷ் (மேக்கப் பாக்ஸ்ல இருந்து சுட்டது வேணாம், பவுடர் இருக்கும்). லென்ஸ் டிஷ்யூ ஒரு கட்டு. லென்ஸ் கிளீனிங் திரவம், இல்லைன்னா 99 சதவிகித ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். நம்ம இ.சி.இ. மக்கள் சர்க்யூட் போர்டு துடைக்க வெச்சிருப்பாங்களே, அதே ஐ.பி.ஏ. சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற இடத்துல கேளுங்க. மருந்துக் கடையில கிடைக்கிற 70 சதவிகிதத்துல மீதி பெரும்பாலும் தண்ணி, காய்ஞ்சதும் கறை நிக்கலாம்.

ஐ.பி.ஏ. சட்டுனு தீப்பிடிக்கும். கொசுவத்தி, ஊதுவத்தி பக்கத்துல இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க. ‘எல்லாம் ஆல்கஹால்தானே’னு கெமிஸ்ட்ரி லேப்ல இருந்து மெத்தனாலைக் கடத்தி வராதீங்க. அது விஷம், தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும்.

ஸ்டெப் 1: கையைக் கழுவிக் காய வைங்க. ஃபேனை நிறுத்துங்க. மேஜை மேல சுத்தமான துண்டு விரிச்சுக்கோங்க. லென்ஸ் கை தவறினா தரைக்குப் போகக் கூடாது.

ஸ்டெப் 2: லென்ஸோட முகத்தைக் கீழ்ப்பக்கமா பிடிச்சு, புளோயரால நல்லா பத்து தடவை ஊதுங்க. கீழ்ப்பக்கமா பிடிச்சாதான் தூசி கீழே விழும். மேல் பக்கமா பிடிச்சா பறந்து திரும்பி அங்கேயே உட்காரும்.

ஸ்டெப் 3: போகாத தூசியை பிரஷ்ஷோட நுனியால மட்டும், அழுத்தாம, வெளிப்பக்கமா தள்ளுங்க. மறுபடி புளோயர். பாதி லென்ஸ்களுக்கு வேலை இங்கேயே முடிஞ்சுடும். டார்ச் அடிச்சுப் பாருங்க, சுத்தமா இருந்தா நிறுத்திடுங்க. ப்ளீஸ், நிறுத்திடுங்க!

ஸ்டெப் 4: விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா மட்டும் இது. டிஷ்யூவை மடிச்சு அதுல ஒரே ஒரு சொட்டு விடுங்க. கண்ணாடி மேல நேரா சொட்டு விடக் கூடாது. விட்டா ஓரத்துல இருக்கிற சந்து வழியா உள்ளே இறங்கிடும். உள்ளே போனா கிரீஸைக் கரைக்கும், ஒட்டின பிசினையும் தொடும், சுத்துக் கறுப்பு பெயின்ட்டையும் கிளப்பும்.

ஸ்டெப் 5: நடுவுல ஆரம்பிச்சு, வட்டமா சுத்திக்கிட்டே ஓரத்துக்கு வாங்க. ஜிலேபி சுத்துற மாதிரி. டிஷ்யூவோட எடைதான் அழுத்தம், உங்க கை எடை சேரக் கூடாது. ஒரு ரவுண்டு முடிஞ்சா அந்த டிஷ்யூவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுங்க. அதே டிஷ்யூவைத் திருப்பித் திருப்பி யூஸ் பண்ற சிக்கனமெல்லாம் மெஸ் டோக்கன்ல காட்டுங்க.

ஸ்டெப் 6: மூணு ரவுண்டுல போகலைனா அதோட விட்டுடுங்க. நாலாவது ரவுண்டுல கை தானா அழுத்த ஆரம்பிக்கும். அங்கேதான் கீறல் விழும்.

யாஷிகா மேட் மாதிரி கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு ஜாக்பாட் டிப். அதுல மேல ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல இருக்கிறது நாம பார்க்கிறதுக்கு மட்டும். படம் எடுக்கிறது கீழே இருக்கிறதுதான். அதனால முதல்ல மேல் லென்ஸைத் துடைச்சு கை பழகுங்க. அங்கே ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் ஃபிலிமுக்குத் தெரியாது. கை பழகின அப்புறம் கீழே இறங்குங்க.

பூஞ்சை... பேய் மாதிரி, ஆனா பேய் இல்லை!

பூஞ்சையோட வித்து காத்துல எப்பவும் இருக்கு. நம்ம ஹாஸ்டல் ஊறுகாய் பாட்டில்ல வர்றதும் அது வகையறாதான். அதுக்குத் தேவை ஈரம், இருட்டு, அசையாத காத்து, கொஞ்சம் சாப்பாடு. பரண்ல, தோல் பைக்குள்ள, ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்துல இருக்கிற லென்ஸ், பூஞ்சைக்கு ஏ.சி. ரூம் போட்டுக் கொடுத்த மாதிரி. தூசி, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னு நூல் விட்டுப் படரும். படர்றதோட நிக்காம ஒரு அமிலத்தையும் விடும். அது கோட்டிங்கை அரிக்கும், நாள்பட்டா கண்ணாடியையும் அரிக்கும். அதனாலதான் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு தள்ளிப்போடக் கூடாது.

பூஞ்சை வெளி முகத்துல இருந்தா, மேல சொன்ன அதே ஸ்டெப்ஸ். துடைச்ச டிஷ்யூவை உடனே குப்பையில போடுங்க. பூஞ்சை போன பிறகும் அதே வடிவத்துல மங்கலா தடம் தெரிஞ்சா, அது அரிச்ச தழும்பு. தேய்ச்சாலும் போகாது, தேய்க்கவும் கூடாது.

உள்ளே இருந்தா? லென்ஸைப் பிரிக்கணும். யூடியூப்ல ஒரு வீடியோ பார்த்துட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீங்க தோழர்களே. அந்த வளையங்களைத் திறக்க ரெண்டு கால் வெச்ச தனி ஸ்பேனர் வேணும். அது வழுக்கினா கண்ணாடி மேலதான் கோடு போடும். கண்ணாடிகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்துல ஒரு சின்ன வளையம் மாறினாலும், திரும்பப் போட்டப்புறம் ஷார்ப்பா படம் வராது. ரெட்டை லென்ஸ் கேமராவுல மேல் கீழ் ரெண்டும் சேர்ந்து ஃபோகஸ் ஆகணும், அதுவும் தப்பிப் போகும். பழைய கேமரா பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக்குகள் இன்னும் இருக்காங்க. ஸ்டூடியோ வெச்சிருக்கிற பெரியவங்களைக் கேட்டா கைகாட்டுவாங்க.

மெக்கானிக்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. ‘‘இந்த மாடலை இதுக்கு முன்னாடி பிரிச்சிருக்கீங்களா அண்ணே?’’, ‘‘எதை வெச்சு துடைப்பீங்க?’’, ‘‘கோட்டிங் அரிச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?’’ மூணாவது கேள்விக்கு, ‘‘அப்படியே விட்டுடுவேன் தம்பி’’னு பதில் வந்தா அவர்தான் உங்க ஆள். ‘‘பாலிஷ் போட்டுடலாம்’’னு வந்தா, ஒரு டீ சாப்பிட்டுட்டு வந்துடுறேன்னு எஸ்கேப்!

மஞ்சள் லென்ஸ்: தொடலாம், சுரண்டக் கூடாது

டக்குமார் வாங்கின ஃப்ரெண்ட்ஸ் கவனிங்க. பென்டாக்ஸ் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 மாதிரி சில பழைய லென்ஸ்கள்ல கண்ணாடியே டீத்தண்ணி கலர்ல தெரியும். அது அழுக்கு இல்லை. அந்தக் கண்ணாடியில தோரியம் கலந்திருக்கு. ஆமா, நம்ம கேரளா, கன்னியாகுமரி கடற்கரை மணல்ல இருக்கிற அதே கதிர்வீச்சுத் தோரியம்தான். கதிர்வீச்சு வருஷக்கணக்கா பட்டுப் பட்டு கண்ணாடிக்குள்ளேயே நிறம் ஏறிடுது.

எத்தனை டிஷ்யூ போட்டாலும் இது போகாது. புற ஊதா விளக்கு வெளிச்சத்துல சில நாள் வெச்சா மஞ்சள் குறையும். அந்த விளக்கைக் கண்ணால பார்க்கக் கூடாது. சாதாரணமா கையில எடுத்துப் படம் எடுக்கிறதுக்குப் பயப்பட வேணாம். ஆனா அந்தக் கண்ணாடியைச் சுரண்டறது, உடைக்கிறது, பாலிஷ் போடுறது கண்டிப்பா கூடாது. அந்தத் தூள் மூச்சு வழியா உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்கு முன்னாடி...

சுத்தம் பண்ணிட்டு மறுபடியும் அதே தோல் பைக்குள்ள போட்டா, அடுத்த தீபாவளிக்குப் பூஞ்சை மாமா திரும்ப வந்து நிப்பார். தோல் பை ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பையைத் தனியா வைங்க, தாத்தா ஞாபகமா இருக்கட்டும்.

காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, சிலிக்கா ஜெல் கொஞ்சம், ஈரப்பதம் காட்டுற குட்டி ஹைக்ரோமீட்டர் ஒண்ணு. இதுதான் ஏழைகளின் டிரை கேபினட். ஈரப்பதம் 40-ல இருந்து 50 சதவிகிதத்துக்குள்ள இருக்கட்டும். 60-ஐத் தாண்டினா ஜெல்லை மாத்துங்க. அதுக்காக 30-க்குக் கீழேயும் வேணாம், உள்ளே இருக்கிற கிரீஸ் காய்ஞ்சுடும். கலர் மாறுற ஜெல் வாங்கினா ஆரஞ்சு வகையைப் பாருங்க. நீல வகையில கோபால்ட் உப்பு இருக்கும், அது நல்லதில்லை. எந்த ஜெல்லா இருந்தாலும் அம்மாவோட வாணலியில போட்டு வறுக்காதீங்க.

அரிசி டப்பாவுக்குள்ள வைக்கிற ஐடியா வேணாம், மாவுத்தூள் ஒட்டும். அந்துருண்டை, கற்பூரம் கண்டிப்பா வேணாம். பீரோவுல பட்டுப்புடவைக்கு அது காவல். ஆனா அதோட ஆவி லென்ஸுக்கு ஆகாது. கேமரா கம்பெனிக்காரங்களே மேனுவல்ல ‘அது பக்கத்துல வைக்காதீங்க’னு எழுதியிருக்காங்க.

எல்லாத்தையும்விட சிம்பிளான வைத்தியம், கேமராவை எடுத்து யூஸ் பண்றது. மாசம் ரெண்டு தடவை வெளிச்சத்துக்கும் காத்துக்கும் வர்ற லென்ஸ்ல பூஞ்சைக்கு நிம்மதியா குடித்தனம் நடத்த முடியாது.

தோழிக்குத் தனியா...

உங்க அப்பா சொன்ன மாதிரி அந்த கேமரா செத்துப்போகலை. லென்ஸ் ஓரத்துல கொஞ்சம் பூஞ்சை இருந்தா படத்துல பெரும்பாலும் தெரியவே தெரியாது. லென்ஸ் மேல இருக்கிற கோடும் புள்ளியும் ஃபிலிம்ல கோடும் புள்ளியுமா வராது, அவ்வளவு கிட்டத்துல இருக்கிறது ஃபோகஸே ஆகாது. நடுவுல நிறைய படர்ந்திருந்தா படம் கொஞ்சம் வெளுத்து, பனி மூடின மாதிரி வரும். வெளிச்சம் நேரா லென்ஸ்ல அடிக்கிறப்பதான் அது ஜாஸ்தி தெரியும்.

அதனால வரிசை இதுதான். கவுன்ட்டரைப் பாருங்க. டார்ச் அடிங்க. வெளியே இருக்கிறதைப் புளோயராலயும் டிஷ்யூவாலயும் முடிங்க. ஷட்டர் ஒழுங்கா திறந்து மூடுதானு பாருங்க. உள்ளே இருக்கிறதுக்கு மெக்கானிக்கைத் தேட ஆரம்பிங்க. ஆனா போட்டோவுக்காக மெக்கானிக் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. 120 ரோல் ஃபிலிம் இன்னைக்கும் விற்பனையில இருக்கு. ஒண்ணு வாங்கிப் போடுங்க. காலையில எட்டு மணிக்கு வெயில் நேரா படாத திண்ணையில அப்பாயியை உட்கார வைங்க. சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். லென்ஸுக்கு மேல அண்ணனைக் கையால நிழல் பிடிக்கச் சொல்லுங்க (சோப்பு இல்லாத கையால!). 12 படத்துல நாலு படம் நல்லா வந்தாலும் போதும்.

லென்ஸை ஆற அமர அப்புறம் சரி பண்ணிக்கலாம். அப்பாயிக்கு வயசு எண்பத்தி நாலு. இந்த ஞாயித்துக்கிழமையே எடுத்துடுங்க. ஒரு பிரின்ட் அப்பாவுக்கும் கொடுங்க. அதுக்கப்புறம் பழைய இரும்புப் பேச்சு வருதானு எழுதுங்க.

அடுத்த வாரம்: மழையில நனைஞ்ச செல்போனை என்ன பண்ணணும்? (அரிசிக்குள்ள போடுறவங்க எல்லாம் முன் பெஞ்சுக்கு வந்துடுங்க!) அதுவரைக்கும்... ஜூட்!